தலை கழன்ற இடைச்சி

சமையலறை சிங்க்கில் வெதுவெதுப்பான தண்ணீர் பிடித்து, பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, இடைச்சியை அதில் இறக்கினேன். ஒரு சாண் உயரத்தில் ஒரு பீங்கான் பொம்மை. இடுப்பில் பூக்கூடை, காலடியில் ஆட்டுக்குட்டி. பாவாடை மடிப்புகளுக்குள் பல வருட அழுக்கு. கொஞ்சம் ஊறட்டும் என்று காபி போடப் போனேன். திரும்பி வந்தால் தண்ணீர் கஷாய நிறத்தில் இருக்கிறது. தூக்கினால் உடம்பு மட்டும் கையோடு வருகிறது. தலை சிங்க்கின் அடியில் மல்லாந்து கிடந்தது, அதே புன்சிரிப்போடு.

நூரம்பர்க்கில் வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மே மாதமும் செப்டம்பரிலும் பழைய நகரத் தெருக்களில் டிரெம்பல்மார்க்ட் என்று ஒரு பெரிய பழம்பொருள் சந்தை போடுவார்கள். அங்கேதான் 90 யூரோ கொடுத்து அவளை வாங்கினேன். எந்தக் காலத்திலோ கழுத்து உடைந்திருக்கிறது. யாரோ வஜ்ஜிரப் பசை போட்டு ஒட்டி, ஒட்டு தெரியாமல் இருக்கக் கழுத்தைச் சுற்றி ஒரு நீல ரிப்பன் வரைந்துவிட்டிருக்கிறார்கள். வெந்நீரில் பசை கரைந்தது, ரிப்பனும் கரைந்தது. வாங்கும்போது நான் மயங்கியதே அந்த ரிப்பனில்தான். "என்ன நுணுக்கம்!" என்று சந்தையிலேயே வாய்விட்டுச் சொன்னேன். விற்றவர் மறுக்கவில்லை. மறுப்பாரா என்ன?

அடியில் குறுக்காக இரண்டு நீலக் கோடுகள் இருந்தன. "மைசனாக இருக்கலாம்" என்றார் அவர். மைசன் ஜெர்மனியின் பேர்போன பீங்கான் ஆலை, குறுக்காக வைத்த இரண்டு நீல வாள்கள் அதன் முத்திரை. இந்த 'இருக்கலாம்' என்ற சொல்லுக்கு நான் இதுவரை கொடுத்த மொத்தப் பணத்தை எண்ணிப் பார்க்க விருப்பமில்லை. இடைச்சி மைசன் இல்லை. ஜெர்மனியின் நடுவில் இருக்கும் டூரிங்கியா பக்கத்து ஏதோ ஒரு சிறு ஆலையில் செய்தது. அந்த வட்டாரத்தில் பீங்கான் பொம்மை செய்த ஊர்கள் ஏராளம்: ஃபோல்க்ஸ்டெட், சிட்சென்டார்ஃப், லிஷ்டெ, ஷைபெ-அல்ஸ்பாக். மைசனின் குறுக்கு வாள்களைப் பார்த்தாற்போல் ஒரு குறியை அடியில் இழுத்துவிட்ட ஆலைகள் அதில் பல.

அன்றிலிருந்து பொம்மையின் முகத்தை நான் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் தலைகீழாகத் திருப்ப வேண்டும். சந்தைக்காரர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "எடுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டு, ஒரு கை அடியிலும் ஒரு கை இடுப்பிலும் கொடுத்துத் தூக்கினால் போதும். நீட்டிய கையையோ தலையையோ பிடித்துத் தூக்கினால் முறைப்பார்கள். முறைப்பதில் நியாயமும் உண்டு.

மைசன் ஆலையை 1710-இல் தொடங்கியது சாக்சனியை ஆண்ட அகஸ்டஸ். ஐரோப்பாவில் கடினப் பீங்கான் செய்த முதல் ஆலை அதுதான். வாள் முத்திரை கோபால்ட் நீலத்தில், மெருகுக்கு, அதாவது மேலே பளபளக்கும் கண்ணாடிப் பூச்சுக்கு, அடியில் இருக்கும். விரலால் தடவினால் எதுவும் தட்டுப்படக் கூடாது. தட்டுப்பட்டால் மெருகுக்கு மேல் பிற்பாடு வரைந்தது என்று அர்த்தம், சந்தேகப்பட வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தைத் தேடுகிறவர்களுக்கு ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. 1924 வரைக்கும் வாள்களின் பிடி முனையில் ஒரு சின்னக் குமிழ் இருக்கும். 1924 முதல் 1934 வரை, மாக்ஸ் அடால்ஃப் பைஃபர் இயக்குநராக இருந்த காலத்தை ஒட்டி, வாள் நுனிகளுக்கு நடுவே ஒரு புள்ளி வைத்தார்கள். இந்த இரண்டையும் மனப்பாடம் செய்ய ஐந்து நிமிடம் ஆகாது. நான் இரண்டு வருடம் கழித்துத்தான் செய்தேன்.

வாள்களுக்குக் குறுக்கே மெருகைக் கீறினாற்போல் கோடுகள் இருந்தால், அது ஆலையே போட்ட கீறல். இரண்டாம் தரம் என்று ஒதுக்கியது. சிலர் இதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டே பேசுவார்கள். இரண்டாம் தரம் வாங்குவதில் எனக்கு வெட்கமே இல்லை. பாவாடை ஓரத்தில் ஒரு கரும்புள்ளி இருக்கும், அவ்வளவுதான். முதல் தரத்து விலை கேட்டால்தான் கோபம் வரும்.

இன்னும் இரண்டு வார்த்தைகளில் ஏமாந்திருக்கிறேன். ஒன்று 'டிரெஸ்டன்'. அது ஓர் ஆலையின் பெயர் இல்லை. டிரெஸ்டன் நகரத்தில் வண்ணம் தீட்டும் பட்டறைகள் நிறைய இருந்தன. அதில் நான்கு பட்டறைகள் சேர்ந்து 1883-இல் கிரீடத்துக்குக் கீழே 'டிரெஸ்டன்' என்று ஒரு முத்திரையைப் பதிவு செய்தன. வெறும் பீங்கானை வெளியிலிருந்து வாங்கி வண்ணம் தீட்டி விற்றவர்கள் அவர்கள். இன்னொன்று 'கேபிஎம்'. பெர்லினின் அரச பீங்கான் ஆலையுடைய ஜெர்மன் பெயரின் சுருக்கம் அது, ஆனால் அந்த ஆலைக்கு செங்கோல்தான் முத்திரை. அந்த மூன்று எழுத்தை மட்டும் போட்டுக்கொண்ட வேறு ஆலைகளும் உண்டு. சிலேசியாவின் கிரிஸ்டர் ஆலைக்கும் சுருக்கெழுத்து அதே கேபிஎம்தான். செங்கோல் எங்கே என்று கேட்காமல் நான் ஒரு பூச்சாடி வாங்கியிருக்கிறேன். நல்ல சாடி, இப்போது அதில் கறிவேப்பிலைச் செடி இருக்கிறது.

'ஜெர்மனி' என்று அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தையது. அந்த வருடம் முதல் அமெரிக்காவுக்குப் போகும் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 'அமெரிக்க மண்டலம்' என்ற சொல் ஆங்கிலத்தில் இருந்தால், போருக்குப் பின் ஜெர்மனியின் ஒரு பகுதி அமெரிக்கப் படை வசம் இருந்தபோது, 1945-க்குப் பிறகு சில வருடங்களில் செய்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு "1920, ஆர்ட் டெக்கோ" என்று ஒருவர் எனக்குப் பாடம் எடுத்திருக்கிறார்.

முத்திரையைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. ஒரு பொம்மையின் வடிவம் எப்போது உருவானது என்பது வேறு, உங்கள் கையில் இருக்கும் பொம்மை எப்போது சூளையிலிருந்து வந்தது என்பது வேறு. மைசனில் கொன்ராட் ஹென்ட்ஷெல் 1905-ஐ ஒட்டிச் செய்த குழந்தைப் பொம்மைகள் இருக்கின்றன. சட்டை போட்டுக்கொண்டு தன் பாட்டுக்கு விளையாடும் சாதாரணக் குழந்தைகள். சிறகு முளைத்த மன்மதக் குழந்தைகளைப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு இவர்கள் எவ்வளவோ ஆறுதல். ஆனால் அந்த அச்சுகளிலிருந்து ஆலை பிற்காலத்திலும் பொம்மை எடுத்துக்கொண்டே இருந்தது. "1905 ஹென்ட்ஷெல்" என்று விற்பவர் பொய் சொல்லவில்லை, வடிவம் 1905-தான். அடியில் குமிழும் இல்லை, புள்ளியும் இல்லை. வாங்காமல் திரும்பி வந்த முதல் பொம்மை அது. அன்றைக்கு எனக்கு நானே ஒரு பீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

பொம்மையைச் செய்யும் விதம் தெரிந்தால் ஏமாறுவது பாதியாகக் குறையும். களிமண்ணில் வடித்த மூல வடிவத்தைத் தலை, கை, உடம்பு என்று துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டர் அச்சு எடுப்பார்கள். அச்சில் வந்த துண்டுகளை பீங்கான் குழம்பையே பசையாக வைத்து ஒட்டுவார்கள். முதலில் ஒரு சூடு. பிறகு மெருகில் முக்கி 1,400 டிகிரி செல்சியஸ் அளவில் இன்னொரு சூடு. அந்தச் சூட்டில் பீங்கான் இளகும் என்பதால் நீட்டிய கைகளுக்கு முட்டுக் கொடுத்து வைப்பார்கள். வெளியே வரும்போது உருவம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்கியிருக்கும்.

இந்தச் சுருக்கம்தான் எனக்குப் பிடித்த துப்பு. முடிந்த பொம்மையிலிருந்து யாராவது அச்சு எடுத்து நகல் செய்தால், நகல் மறுபடியும் சூளையில் சுருங்கும். 24 சென்டிமீட்டர் இருக்க வேண்டிய பொம்மை 20 சென்டிமீட்டர்தான் இருக்கும். முகம் அதே, சாயல் அதே, உயரம் மட்டும் குறையும். பைக்குள் தையல்காரர் டேப் ஒன்று எப்போதும் வைத்திருக்கிறேன். பழைய ஏலப் பட்டியல்களில் உயரம் போட்டிருப்பார்கள். அதோடு ஒப்பிட்டால் விஷயம் வெளிச்சமாகிவிடும். அரை சென்டிமீட்டர் வித்தியாசத்துக்கெல்லாம் பதற வேண்டாம், சூளைக்குச் சூளை அது வரும்.

சூளையில் வந்த விரிசலும் பிறகு விழுந்த விரிசலும் வேறு வேறு. சூளை விரிசலின் ஓரங்கள் மழுங்கியிருக்கும். மெருகு உள்ளே வழிந்து இறங்கியிருக்கும், அழுக்கு ஏறாது. கீழே போட்டு விழுந்த விரிசல் மயிரிழைபோல் இருக்கும், ஓரம் கூர்மையாக இருக்கும், காலப்போக்கில் பழுப்பேறும். முதல் வகையை நான் கண்டுகொள்வதில்லை. இரண்டாவது வகைக்கு விலையைப் பாதியாகக் கேட்பேன், கொடுக்காவிட்டால் நடையைக் கட்டுவேன்.

ஒட்டுவேலையைக் கண்டுபிடிக்க 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்று வாங்கினேன். இருட்டில் அடித்தால் கடினப் பீங்கான் ஊதா கலந்த நீலமாகத் தெரியும். பசையும் மேற்பூச்சும் மஞ்சளாகவோ பால்போலவோ ஒளிரும். 395 என்று எழுதிய மலிவான டார்ச்சுகளில் ஊதா வெளிச்சமே கண்ணைக் கூசும், ஒட்டு தெரியாது. அதையும் ஒன்று வாங்கிப் பார்த்துத்தான் சொல்கிறேன். சந்தையில் இருட்டுக்கு எங்கே போவது? கோட்டைக் கழற்றித் தலைக்குமேல் போர்த்திக்கொண்டு உள்ளே பொம்மையோடு டார்ச் அடிப்பேன். வழியில் போகிறவர்கள் ஒதுங்கிப் போவார்கள்.

டார்ச் இல்லாவிட்டால் பல் இருக்கிறது. சந்தேகப்படும் இடத்தை முன்பல்லில் லேசாகத் தொட்டால், பீங்கான் கண்ணாடிபோல் 'டிக்' என்று நிற்கும். பழுதை மறைக்கப் பூசும் ரெசின் என்ற பிளாஸ்டிக் பூச்சு கொஞ்சம் மெத்தென்று இருக்கும். வாங்கும் முன் கடைக்காரர் எதிரில் செய்ய எனக்குத் துணிச்சல் வந்ததில்லை.

சரி, இடைச்சிக்குப் பிறகு கழுவும் விஷயத்தில் திருந்திவிட்டேன். புதிதாக வந்த பொம்மை எதையும் தண்ணீரில் முக்குவதில்லை. முகப்பூச்சுக்குப் பயன்படும் மெல்லிய பிரஷ்ஷால் தூசு தட்டிவிட்டு, ஈரப் பஞ்சால் ஒரு மூலையில் மட்டும் துடைத்துப் பார்க்கிறேன். மலிவான பொம்மைகளில் சூளையில் சுடாமல் மேலே பூசிய வண்ணம் இருக்கும். பஞ்சில் நிறம் ஏறினால் அதோடு நிறுத்திவிட வேண்டும். லேஸ் வைத்த பாவாடைப் பொம்மைகளைத் துடைக்கவே கூடாது. அசல் நூல் லேஸைப் பீங்கான் குழம்பில் தோய்த்து, அப்படியே பாவாடையாக மடித்துச் சூளையில் வைப்பார்கள். நூல் எரிந்துபோகும், அதன் மேல் படிந்த பீங்கான் வலை மட்டும் நிற்கும். அப்பளத்தைவிட மெல்லியது. என்னிடம் இருந்த ஒன்றில் பாதிப் பாவாடை வாக்குவம் கிளீனருக்குள் போனது. அதற்குமேல் விவரிக்க விரும்பவில்லை.

முதல் மூன்று வருடம் கண்டதையெல்லாம் வாங்கினேன். அலமாரி தேர்த்திருவிழாக் கடைபோல் ஆனது. பிறகு ஒரு சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு செக் எல்லைப் பக்கம் இருக்கும் ஸெல்ப் ஊருக்குப் போனேன். அங்கே பழைய ரோசென்தால் ஆலைக் கட்டடத்திலேயே போர்சலானிகோன் என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. அச்சு, சூளை, இயந்திரம் எல்லாம் பார்க்கலாம். அந்தப் பயணத்துக்குப் பிறகு அலமாரியில் பாதியை விற்றேன். ரோசென்தாலின் கலைப் பிரிவு பொம்மைகளை மட்டும் தேடுவது என்று முடிவு செய்தேன்.

பிலிப் ரோசென்தால் 1879-இல் ஸெல்ப் பக்கத்தில் எர்க்கர்ஸ்ராய்ட் கோட்டையில் வண்ணம் தீட்டும் பட்டறையாகத்தான் தொடங்கினார். வெள்ளைப் பீங்கானை வேறு ஆலையிலிருந்து வாங்கி, அதில் படம் எழுதி விற்றார். எரியும் சுருட்டுக்கு ஓர் இளைப்பாறும் இடம் என்று எழுதிய சாம்பல் கிண்ணம் நன்றாக விற்றதாம். 1910-இல் கலைப் பிரிவு ஒன்றைத் தொடங்கி, வெளியிலிருந்து சிற்பிகளை அழைத்து வடிவங்கள் வாங்கினார். ஃபெர்டினாண்ட் லீபர்மான், குஸ்டாவ் ஓப்பல், டோரத்தேயா சரோல், விலங்குகளுக்குத் தியோடர் கார்னர் என்று நீளமான பட்டியல். முதல் உலகப்போர் முடிந்து பெர்லின் மேடைகளில் நடனம் கொடிகட்டிப் பறந்த காலம் அது. நடனக்காரிகள் பீங்கானுக்குள் வந்தார்கள். கான்ஸ்டன்டின் ஹோல்ட்சர்-டெஃபாண்டி 1919-இல் செய்த 'கொரிய நடனம்' பார்த்தால் புரியும். நூற்றைம்பது வருடமாக ஆட்டுக்குட்டியோடு நின்றுகொண்டிருந்த இடைச்சிகள் சட்டென்று கால் தூக்கி ஆட ஆரம்பித்தாற்போல் இருக்கும். மைசனிலும் பால் ஷோயரிஷ் 1913-இலேயே ரஷ்ய பாலே நடனக்காரர்களை வடித்துவிட்டார். அவை என் சம்பளத்துக்கு எட்டாதவை, அருங்காட்சியகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதோடு சரி.

யூதப் பின்னணி கொண்ட ரோசென்தாலை 1934-இல் நாஜிகள் அவர் கட்டிய நிறுவனத்திலிருந்தே வெளியேற்றினார்கள். 1937-இல் இறந்துபோனார். பெயர் மட்டும் பொம்மைகளின் அடியில் பச்சை மையில் தொடர்ந்து வந்தது. முப்பதுகளின் பிற்பாதி ரோசென்தால் ஒன்றைக் கையில் எடுக்கும்போது இது எனக்கு நினைவுக்கு வராமல் போனதில்லை.

ரோசென்தால் தேடுவதில் ஒரு வசதி, பீடத்தின் பக்கவாட்டில் பல பொம்மைகளுக்குச் சிற்பியின் பெயரே பதிந்திருக்கும். அடியில் பச்சை முத்திரை. அதோடு 'கே' என்ற எழுத்துக்குப் பின்னால் ஓர் எண் இருந்தால், அது கலைப் பிரிவின் மாதிரி எண். எண்ணும் பெயரும் உயரமும் பொருந்தினால் முக்கால்வாசி நிம்மதி. மீதிக் கால்வாசி விரல்கள். நடனக்காரிகளுக்குப் பத்து விரலும் பிரிந்து நிற்கும், நூறு வருடத்தில் ஒன்றாவது போயிருக்கும். நான் வாய்விட்டு எண்ணுவேன். தமிழில்தான் எண்ணுவேன், விற்பவருக்குப் புரியாது.

பேரம் பேசுவதைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர் வழக்கப்படி "கடைசி விலை என்ன?" என்று எடுத்தவுடன் கேட்டால் ஜெர்மன்காரர்களுக்கு முகம் இறுகிவிடும். "விலையில் இன்னும் ஏதாவது செய்ய முடியுமா?" என்று கேட்டால் அதே ஆள் 20 யூரோ குறைப்பார். மழை தூறும் நாளின் பிற்பகல் நல்ல நேரம். மறுபடியும் எல்லாவற்றையும் காகிதத்தில் சுற்றி வேனில் ஏற்ற யாருக்கும் மனம் வராது. ஒரு பாட்டி எனக்கு இரண்டு பொம்மைகளை ஒன்றின் விலைக்குக் கொடுத்துவிட்டு, "என் பேரப்பிள்ளைகளுக்கு இதெல்லாம் வேண்டாமாம், தூசு துடைக்க யார் இருக்கிறார்கள் என்கிறார்கள்" என்றார். பெரிய வீடுகளைக் காலி செய்யும்போது வரும் பொருள்கள்தான் இப்போது சந்தையில் அதிகம். சாதாரணப் பொம்மைகளை முதலீடு என்று நினைத்து வாங்கினால் கையைச் சுட்டுக்கொள்வீர்கள்.

தபாலில் வாங்குவது தனிக் கலை. குமிழி உறையை நேரடியாகப் பொம்மைமேல் இறுக்கிச் சுற்றினால் அந்த இறுக்கமே மணிக்கட்டை ஒடித்துவிடும். எனக்கு அப்படி ஒன்று வந்து சேர்ந்தது. இப்போது விற்பவருக்கு முன்கூட்டியே எழுதிவிடுவேன்: கை கால்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளை டாய்லெட் பேப்பரால் மெத்தென்று நிரப்புங்கள், பிறகு குமிழி உறை, பிறகு ஒரு பெட்டி, அந்தப் பெட்டியைச் சுற்றி நாலு விரற்கடை திணிப்போடு இன்னொரு பெட்டி.

போன வருடம் நவராத்திரி சமயத்தில் அம்மா வந்திருந்தார். ஐக்கியா அலமாரிப் பலகைகளை வைத்து மூன்று படி கொலு. ஊரிலிருந்து பெட்டியில் வந்தது மரப்பாச்சியும் செட்டியாரும் மட்டும். மிச்சப் படிகளை நிரப்ப என் அலமாரியைத் திறந்து பார்த்தார்.

"ஏண்டா, இதுல ஒண்ணாவது ஒழுங்கா உடுத்தியிருக்கா?"

கார்னரின் குட்டைக்கால் நாய்க்குட்டி தேர்வானது. தலை ஒட்டிய இடைச்சியும் தேர்வானாள். பிறகு முழங்கால்வரை பாவாடை கட்டிய ஒரே ஒரு நடனக்காரி. சரோல் வடித்தது, இணைய ஏலத்தில் 340 யூரோ கொடுத்து வாங்கியது. பழுது எதுவும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். டார்ச் அடித்து, டேப் வைத்து, விரல் எண்ணி, எல்லாம் நானே சரிபார்த்த பொம்மை. என் அலமாரியின் ராணி.

அம்மா அவளை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். பாத்திரக் கடையில் குடத்தைச் சுண்டிப் பார்த்து, விளிம்பை நகத்தால் வருடிப் பார்த்து வாங்கும் அதே கை. நீட்டிய இடது கைப் பக்கம் வந்ததும் கட்டைவிரல் நின்றது.

"இந்த ரெண்டு விரல் மட்டும் சில்லுனு இல்லையே?"

"பீங்கான்மா. எல்லாம் ஒண்ணுதான்."

"தொட்டுப் பாரு."

தொட்டேன். மற்ற விரல்கள் அக்டோபர் மாத ஜன்னல் கண்ணாடி மாதிரி இருந்தன. அந்த இரண்டும் பிளாஸ்டிக் ஸ்பூன் மாதிரி இருந்தன. புற ஊதாவில் ஒளிராத ரெசின்களும் வந்துவிட்டன என்று எங்கோ படித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பொம்மையை வாங்கி, அம்மா பார்க்காதபடி திரும்பி நின்று, சுண்டுவிரலை முன்பல்லில் வைத்துப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது.

திரும்பியபோது அம்மா நாய்க்குட்டியைத் துடைக்க ஆரம்பித்திருந்தார்.